இடது பின்சக்கரம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் 'டொக்' என்று கேட்ட சத்தம், வெள்ளிக்கிழமை விடிவதற்குள் சரளாவின் தலைக்குள் குடியேறிவிட்டது.

மின்விசிறி சுற்றினால் அதற்கு அடியில் அந்தச் சத்தம் ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் இரும்புக் கதவைத் தள்ளினால், தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த அவளுடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடி அழுத்தியது.

ஞாயிறன்று கியர் போட்டுக் காரை எடுத்தபோது அது நகரவே இல்லை. பின்பக்கம் மட்டும் லேசாகக் குந்தியது. இன்னும் கொஞ்சம் மிதித்தாள். 'டொக்.' பிறகு விடுபட்டு உருண்டது. அன்றிலிருந்து வாரம் முழுக்க, சக்கரம் சுற்றச் சுற்ற, தகரத்தை யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல ஒரு 'ஸ்ர்ர்... ஸ்ர்ர்...'

வேறொரு வீடாக இருந்தால் இது ஒரு சின்ன விஷயம். ஈப்போவின் புந்தோங்கிலுள்ள இந்த வீட்டில் பிரேக் என்ற சொல்லையே மெதுவாகத்தான் சொல்வார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன், சரளாவின் மாமனார் சதாசிவம் தான் பிறந்த தோட்டத்தைப் பார்க்கவேண்டும் என்று கிளம்பினார். சிலிம் ரிவருக்கு உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டம். தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துச் செம்பனை நட்டுப் பல காலம் ஆகிவிட்டது; இருந்தாலும் பார்க்கவேண்டும் என்றார். இளைய மகன் தீபன்தான் காரை ஓட்டினான். ஒரு சனிக்கிழமை. மழை. பழைய சாலையில் ஒரு வளைவு. கார் திரும்பாமல் நேராகப் போய் மரத்தில் மோதியது. தகப்பன் போனார். மகன் தோள் எலும்பு முறிந்து பிழைத்தான்.

"மிதிச்சேம்மா. புடிக்கல" என்று மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி தாய் இருளாயியிடம் தீபன் சொன்னான். மூத்தவன் தனேஸ்வரன் அதை நம்பவில்லை. கருமாதியன்று, சொந்தபந்தம் எல்லாம் பந்தலில் இருக்கும்போது, பிரேக்கின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்காதே என்று தம்பியைப் பார்த்துச் சொன்னான். நசுங்கிய காரை அதற்குள் பழைய இரும்புக்காரன் இழுத்துக்கொண்டு போய்விட்டான். சோதித்துப் பார்க்க எதுவும் மிச்சமில்லை. அன்று பந்தலைவிட்டு வெளியே போன தீபன் திரும்பி வரவில்லை. அவன் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்பது தனேஸ்வரனின் உத்தரவு.

இருளாயி அதற்குப் பிறகு எந்தக் காரிலும் ஏறியதில்லை. கோயிலுக்கு நடை, மருத்துவமனைக்குப் பேருந்து. தனேஸ்வரன் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கிப் போட்டான். ஆனால் எப்போதாவதுதான் அதை எடுப்பான்; சிமெண்டு ஆலைக்கு மோட்டார் சைக்கிளில்தான் போவான். அந்தக் காரை உண்மையில் ஓட்டத் தொடங்கியது சரளா. நாற்பதை எட்டும் வயதில், மூன்றாவது முயற்சியில் லைசென்ஸ் எடுத்தவள். தாப்பாவில் ஒரு தமிழ்ப்பள்ளியின் அலுவலகத்தில் அவளுக்கு நிரந்தர வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேரவேண்டும். வருகிறாளா இல்லையா என்று இன்று சொல்லியாகவேண்டும். ஈப்போவிலிருந்து தினமும் போய் வர, கார் இல்லாமல் ஆகாது.

தனேஸ்வரன் முரடன் அல்ல. பயந்தவன். ஞாயிறன்று அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளுத்ததைச் சரளா பார்த்தாள். அன்று இரவு சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் அது என்ன சத்தம் என்று தெரியாவிட்டால் சாவி தன்னிடமே இருக்கட்டும் என்றான். அவளால்தான் சத்தம் என்று அவன் நேராகச் சொல்லவில்லை. ஆனால் நாத்தனார் தினேஸ்வரி கோலாலம்பூரிலிருந்து குடும்பக் குழுவில் எழுதியிருந்தாள்: அண்ணன் ஓட்டும்வரை அந்தக் கார் வாயைத் திறந்ததில்லையே என்று.

அது உண்மை. அதுதான் சரளாவைத் தூங்கவிடாமல் செய்தது. அவள் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் சத்தம். தான் என்ன செய்கிறோம்? ஹேண்ட்பிரேக்கை இறக்காமல் ஓட்டுகிறோமா? எங்கேயாவது பள்ளத்தில் விட்டோமா? தன் கைகளையே அவளால் நம்பமுடியவில்லை.

சத்தத்தைக் கைப்பேசியில் பதிவுசெய்து குழுவில் போட்டிருந்தாள். ஆளுக்கொரு வியாதி சொன்னார்கள். ஒரு சித்தப்பா கல் சிக்கியிருக்கிறது என்றார். ஒரு மச்சான் டயர் என்றான். தினேஸ்வரி கோயிலுக்குக் கொண்டுபோய் ஒரு தேங்காய் உடைக்கச் சொன்னாள்.

இப்போதிருக்கும் தற்காலிக வேலையில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுச் சரளா சாவியை எடுத்தாள். காரைக் காடி என்றே சொல்லும் இருளாயி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பாத்துப் போ புள்ள. சாயங்காலம் வெளக்கு வைக்கிறதுக்குள்ள காடி வீட்டுக்கு வந்திரணும். வெள்ளிக்கெழம."

*

சிலிபின் பகுதியில் கார்த்திகேசுவின் கார்ப் பட்டறை. உடம்பு பெரிய மனிதர். வாய் அதைவிடப் பெரியது. பதிவைக் கேட்டுவிட்டுப் பேரிங் போய்விட்டது என்று செவ்வாய்க்கிழமையே பதில் அனுப்பியிருந்தார்.

"அது எல்லாருக்கும் சொல்றதுதான் தங்கச்சி" என்றார் இப்போது. "ஆளைப் பாக்காம டாக்டரே மருந்து எழுதுறான். நான் எழுதக்கூடாதா?"

முதலில் பின்பெட்டியைக் காலி செய்யச் சொன்னார். பின்னால் சத்தம் என்று வருகிற கார்களில் பாதிக்கு நோய் அங்கேதான் என்றார். இரண்டு தேங்காய், ஒரு குடை, கழற்றிப் போட்ட ஒற்றைச் செருப்பு, ஒரு பெயிண்டு வாளி. எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு ஒரு சுற்று போனார்கள். அவர் ஓட்டினார், சரளா பின்னிருக்கையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சத்தம் அப்படியே இருந்தது.

கியரை விடுவித்துக் காரைச் சும்மா உருளவிட்டார். சத்தம் இருந்தது. அப்படியானால் என்ஜின் இல்லை. காலி மைதானத்தில் இடப்பக்கம் வளைத்தார், வலப்பக்கம் வளைத்தார். சத்தம் கூடவுமில்லை, குறையவுமில்லை. பேரிங்காக இருந்தால் வளைக்கும்போது குரல் மாறும் என்றார். பிரேக்கை மெல்லத் தொட்டார்.

ஸ்ர்ர் நின்றது. காலை எடுத்தார். மறுபடி வந்தது.

"நீயே சொல்லு, எந்தப் பக்கம்?"

"இடது பக்கம் அண்ணே. என் காலுக்கு நேர் கீழே."

பட்டறைக்குத் திரும்பிக் காரின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார்கள். வலது சக்கரத்தைச் சுற்றிவிட்டார். நன்றாகச் சுற்றி, பெருமூச்சு விடுவதுபோல நின்றது. இடது சக்கரத்தைச் சுற்றினார். பாதியில் முரண்டு பிடித்தது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் இல்லை.

"பேரிங் நல்லாத்தான் இருக்கு. நான் சொன்னது தப்பு" என்றார், யாரோ ஒருவர் செய்த தப்பைப் பற்றிச் சொல்வதுபோல.

சக்கரத்தைக் கழற்றியபின் உள்ளே இருந்தது டிரம். கவிழ்த்துவைத்த இரும்புச் சட்டிபோல. அது வரமாட்டேன் என்றது. சுத்தியலால் சுற்றிலும் தட்டித் தட்டி எடுத்தார். செம்மண் போலத் துருப்பொடி கொட்டியது. சட்டிக்குள் பிறை வடிவத்தில் இரண்டு கட்டைகள். பிரேக்கை மிதித்தால் அவை விரிந்து சட்டியின் உள்சுவரைப் பிடித்துக்கொள்ளவேண்டும். பிடிப்பது அவற்றின் முதுகில் ஒட்டியிருக்கும் கறுத்த பட்டை. ஒரு கட்டையில் அந்தப் பட்டை ஒரு முனையில் உரிந்து, அட்டை பிய்ந்த பாடப்புத்தகம்போல எழும்பி நின்றது.

கார்த்திகேசு அந்த முனையை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது ஓட்டுனதால வந்ததில்ல தங்கச்சி. நிறுத்துனதால வந்தது."

ஈரத்தோடு ஹேண்ட்பிரேக்கை இறுக்கி இழுத்துவிட்டு ஒன்றிரண்டு நாள் காரைத் தொடாமல் விட்டால், பட்டை டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். மறுபடி எடுக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். அந்த 'டொக்' அதுதான் என்று விளக்கினார். பிய்ந்த முனை உரசுவதுதான் இந்த 'ஸ்ர்ர்'. முன்சக்கரத்தில் இருப்பது தட்டு, காற்றுப் பட்டுச் சீக்கிரம் காய்ந்துவிடும். பின்னால் இருப்பது மூடின சட்டி. உள்ளே போன ஈரம் உள்ளேயே கிடக்கும்.

"முழுசா உரிஞ்சா என்ன ஆகும்?"

"உள்ள மாட்டிச்சுன்னா சக்கரம் பூட்டிக்கும். இல்லேன்னா மிதிப்ப, புடிக்காது."

மிதிப்ப, புடிக்காது. அந்தச் சொற்களைச் சரளா அத்தைக்குப் பின்னால் நின்றபடி வேறொரு வாயிலிருந்து, ஒரு மருத்துவமனைக் கட்டிலிலிருந்து கேட்டிருக்கிறாள்.

கார்த்திகேசுவுக்கு வேறு ஒரு குடைச்சல். வலப்பக்கத்தையும் கழற்றிப் பார்த்தார். அங்கே லேசான துரு, அவ்வளவுதான். ஒரே மழையில் ஒரு காருக்கு ஒரு பக்கம் மட்டும் எப்படி நனையும் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, இடது சக்கரத்தின் உள்வளையத்தை விரலால் வழித்தார். விரலை வெளிச்சத்தில் பிடித்தார்.

"என்னது இது, வெள்ளையா பூத்திருக்கு? உப்பா? லூமூட் கடல்ல கொண்டுபோய் எறக்குனியா?" இன்னொரு முறை வழித்தார். "மஞ்சளு வேற. மீன் கொழம்புக்கு எல்லாம் தயாரா இருக்குலா."

சரளா சிரிக்கவில்லை. அவள் கண்ணுக்கு முன்னால் வீட்டு வாசல் வந்து நின்றது. சாய்வான சிமெண்டுத் தரை. வலப்பக்கம் மதிலை ஒட்டி நிற்கும் கார். அந்தப் பக்கம் ஒரு பூனைதான் நுழையமுடியும். இடப்பக்கம் இடம். வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் பித்தளைச் செம்போடு குனிந்து நிற்கும் இருளாயி.

சரளா லைசென்ஸ் எடுத்த வாரத்திலிருந்துதான், காரின் சக்கரத்தில் உப்பும் மஞ்சளும் கரைத்த நீரை ஊற்றும் அந்தப் பூசை மறுபடி தொடங்கியது. மருமகளுக்குத் திருஷ்டி படக்கூடாது, சாலையில் ஒன்றும் ஆகக்கூடாது என்று. சனிக்கிழமை காரைத் தொடவும் இருளாயி விடமாட்டாள். அவள் புருஷன் போனது ஒரு சனிக்கிழமை. ஆக வெள்ளி மாலை நனையும் சக்கரம் ஞாயிறு காலைவரை அப்படியே நிற்கும். தரை சாய்வு என்பதால் ஹேண்ட்பிரேக்கைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துவைப்பது யார்? சரளாதான்.

அவள் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் சத்தம். தினேஸ்வரி எழுதியதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

*

புதுக் கட்டைகள் போட்டு முடிக்க மதியம் ஆகிவிட்டது. கழற்றிய பழையதைக் கார்த்திகேசு செய்தித்தாளில் சுற்றி, பார்த்துக்கொள் என்று அவள் கையில் கொடுத்தார். கழுவினால் உடனே ஒரு சுற்று ஓட்டி, நடுநடுவே பிரேக்கைத் தொட்டுத் தொட்டுக் காயவைக்கவேண்டும். ஈரமாக இருக்கும்போது ஹேண்ட்பிரேக் கூடாது, கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும் என்று இரண்டு முறை சொன்னார்.

அவள் இன்னும் பட்டறை வாசலைத் தாண்டவில்லை. தாப்பா பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. திங்கட்கிழமை வருகிறீர்களா என்று கேட்டார்கள். "வாரேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். சாவி இன்னும் அவளுடையதாகவில்லை.

அடுத்து தனேஸ்வரன். ஆலையின் இரைச்சலுக்குள்ளிருந்து கத்தினான். என்னவாம் என்றான். பிரேக் கட்டை துருப்பிடித்துவிட்டது, ஈரம் உள்ளே போயிருக்கிறது, மாற்றியாகிவிட்டது என்றாள்.

"ஈரம் எங்கேர்ந்து வந்துச்சு? நீ கழுவுறப்பவா?"

உங்கள் அம்மா ஊற்றும் தண்ணீர் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் சரளாவுக்கு அவன் என்ன செய்வான் என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் செம்பைத் தூக்கி எறிவான். பிறகு ராத்திரி முழுக்க யோசிப்பான். யோசித்தால் பழைய காருக்குப் போவான். அந்தக் காருக்கும் அவன் அம்மா பூசை செய்தவள்தான். சரளாவே பார்த்திருக்கிறாள்.

அவளுடைய யோசனை அங்கே போய் முட்டி நின்றது. இதுவரை அவள் அந்த இடத்துக்கு வந்ததில்லை.

"சரளா? கேக்குதா?"

"இப்ப சத்தம் இல்லங்க. சுத்தமா இல்ல."

"இன்னைக்கு இல்ல. அடுத்த ஞாயித்துக்கெழம?"

நியாயமான கேள்வி. ஓவர்டைம் முடிந்து வந்து பேசலாம் என்று அவன் வைத்துவிட்டான்.

வீட்டுக்கு ஓட்டிவரும் வழியெல்லாம் கார் அமைதியாக இருந்தது. அந்த அமைதி அவளுக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. இரண்டு முறை கண்ணாடியை இறக்கிக் கேட்டுப் பார்த்தாள்.

*

மாலையில் சரளா குளித்துவிட்டு வருவதற்குள் இருளாயி தொடங்கிவிட்டாள்.

எலுமிச்சம்பழங்கள் சக்கரங்களுக்கு முன்னால் இருந்தன. பம்பரில் சந்தனமும் குங்குமமும். ஒரு பிடி கல்லுப்பை உள்ளங்கையில் மூடிக் காரின் முன்னால் மூன்று முறை சுற்றி, மஞ்சள் கரைத்த செம்புத் தண்ணீரில் போட்டாள். திருஷ்டி உப்பில் இறங்கும், உப்பு தண்ணீரில் கரையும், தண்ணீர் சக்கரத்தோடு மண்ணில் போகும். இருளாயியின் கணக்கு அது. அதில் ஓட்டை இல்லை.

சரளா வாசலுக்கு வந்தபோது ஒரு செம்புத் தண்ணீர் இடது பின்சக்கரத்தில் ஊற்றியாகிவிட்டது. மஞ்சள் நீர் சாய்வில் ஓடிச் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. இரண்டாவது செம்பு உயர்ந்தது. சரளா ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள்.

"பின்சக்கரத்துக்கு வேணாம் அத்தே."

"ஏன்? புதுச் சாமான் போட்டதுக்குத்தானே மொதல்ல ஊத்தணும்?"

வரும்போது சரளா சில பொய்களைத் தயாரித்துவைத்திருந்தாள். பட்டறைக்காரர் ஏதோ மருந்து பூசியிருக்கிறார், தண்ணீர் படக்கூடாது என்பது ஒன்று. கிட்டத்தில் நின்று அந்த முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. காரிலிருந்து செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்துவந்து பிரித்துக் காட்டினாள். உப்புத் தண்ணீர் உள்ளே போய்த் துருப்பிடித்ததையும், தான் ஹேண்ட்பிரேக்கை இறுக்கிவைத்ததால் அது ஒட்டிக்கொண்டதையும், ஒட்டிய பட்டை பிய்ந்ததையும் சொன்னாள். தன் பங்கை இரண்டு முறை சொன்னாள்.

இருளாயி செம்பைக் கீழே வைத்தாள். கட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். இளம் வயதில் ரப்பர் பால் வெட்டும் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு பால்வாளி தூக்கிய தோட்டத்துக் கைகள். இரும்பைக் கண்டு கூசாதவை. எழும்பி நின்ற பட்டையை விரலால் அமுக்கினாள். அது மறுபடி எழும்பியது. ஓரத்தில் காய்ந்திருந்த மஞ்சளைச் சுரண்டினாள். தினமும் தன் முகத்தில் பூசுகிற மஞ்சளை அவளுக்குத் தெரியாதா?

"இதுதான் புடிக்கிறதா?"

"ஆமா அத்தே."

"இது உரிஞ்சிட்டா?"

சரளா குனிந்து செய்தித்தாளைப் படியில் விரித்தாள்.

இருளாயி கட்டையை அதன்மேல் வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். எதிர்வீட்டுக்காரி செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே கையசைத்தாள், இவள் பார்க்கவில்லை. தெருமுனைக் கோயிலில் மணி அடித்தது. அதற்கும் எழுந்திருக்கவில்லை.

"அந்தக் காடிக்கும் ஊத்துனேன்" என்றாள் கடைசியில். "தூரப் பயணம் போறாங்களேன்னு அன்னைக்கு ரெண்டு பிடி உப்பு. வெள்ளிக்கெழம ஊத்துனேன். சனிக்கெழம போனாங்க."

"அன்னைக்கு மழை அத்தே. ரோடு வழுக்கல். டயர் எப்படி இருந்துச்சோ. இப்ப யாரும் சொல்லமுடியாது. அந்தக் காடியே இல்லையே."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த உண்மை இருளாயியைத் தொடவில்லை.

"அவன் அன்னைக்கே சொன்னான். மிதிச்சேம்மா, புடிக்கலன்னு. ஏங்கிட்டதான் சொன்னான். நான் அவனைப் பாக்கல, சுவத்தப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

இரண்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு. பெயர் சொல்லாமலேயே பெயர் வந்துவிட்டது.

சரளா என்ன செய்வது என்று தெரியாமல் சக்கரத்தைப் பார்த்தாள். அதிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. ஊற்றியது ஊற்றியதுதான், இப்போதே ஓட்டிக் காயவைத்தால் ஒன்றும் ஆகாது என்றாள்.

"அப்ப ஓட்டு."

சரளா சாவியை எடுத்தாள்.

"இரு" என்றாள் இருளாயி. "நானும் வாரேன்."

உள்ளே போனவள் சேலை மாற்றிக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு வந்தாள். வெற்றிலைப் பையாக இருக்கும் என்று சரளா நினைத்தாள். முன்கதவைத் திறந்துவிட்டாள். இருளாயி அதைத் தாண்டிப் பின்கதவுக்குப் போனாள்.

"அந்தச் சக்கரத்து மேலேயே உக்கார்றேன். நானே கேக்குறேன்."

*

எலுமிச்சம்பழங்கள் நசுங்கிய சின்னச் சத்தத்தோடு கார் வாசலைவிட்டு இறங்கியது.

பின்கண்ணாடியில் இருளாயியின் கண்கள் மூடியிருந்தன. ஒரு கை முன்னிருக்கையின் முதுகைப் பிடித்திருந்தது, நரம்புகள் புடைத்திருந்தன. சரளா மெதுவாக ஓட்டினாள். லைசென்ஸ் தேர்வில்கூட அவளுக்கு இப்படி வியர்த்ததில்லை. பிரேக்கை மெல்லத் தொட்டாள், விட்டாள். ஈரச் சக்கரத்திலிருந்து லேசாக ஒரு முனகல் வந்தது. இருளாயியின் பிடி இறுகியது. மறுபடி தொட்டாள், விட்டாள். முனகல் தேய்ந்தது. மங்களேம்பு போகும் சாலையைத் தொட்டபோது ஒன்றுமே கேட்கவில்லை.

கண்ணாடியில் அந்தக் கண்கள் திறந்தன.

"திங்கக்கெழம எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

"ஆறு மணிக்கு அத்தே."

"அப்ப அஞ்சு மணிக்கெல்லாம் அடுப்பப் பத்தவைக்கணும்" என்றாள் இருளாயி. கொஞ்சம் தூரம் போனபின், "உம் புருஷன் கேட்டா நான் சொல்லிக்கிறேன். என்ன தண்ணின்னு நானே சொல்றேன்" என்றாள்.

சரளாவின் கண் மங்கியது. சாலையைப் பார்க்கவேண்டியிருந்ததால் துடைத்துக்கொண்டாள். சமிக்ஞை விளக்கில் வீட்டுக்குத் திரும்புவதற்காக இண்டிகேட்டரைப் போட்டாள்.

"நேரா போ."

"காஞ்சிருச்சு அத்தே. வீட்டுக்குப் போலாம்."

"நேரா போ. லகாட்டுக்கு."

விளக்கு பச்சையானது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. சரளா நேராகப் போனாள். சரளாவுக்குத் தெரிந்து லகாட்டில் இவர்களுக்கு யாரும் இல்லை. யார் இருக்கிறார்கள் என்று கேட்கவேண்டிய அவசியமும் இல்லாமல் போனது; பந்தலைவிட்டுப் போனவன் ஒருவன்தான். பின்னிருக்கையில் துணிப்பைக்குள் எவர்சில்வர் தூக்கின் மூடி மெல்லக் குலுங்கிக்கொண்டிருந்தது. இப்போது காரில் கேட்ட ஒரே சத்தம் அதுதான்.

பழைய ஈயச் சுரங்கக் குட்டையைத் தாண்டி, ஒரு சீனன் கோப்பிக் கடை. அதை ஒட்டி உள்ளே போகும் சந்து. எங்கே திரும்புவது என்று இருளாயி தயங்காமல் சொன்னாள்.

"இந்த மொன வரைக்கும் பஸ்ஸுல வந்திருக்கேன்" என்றாள், சரளா கேட்காமலே. "கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு. எறங்கி நிப்பேன். அடுத்த பஸ்ஸுல திரும்பிருவேன். கடைசி வீடுன்னு கேட்டு வச்சிருக்கேன். உள்ள போனதில்ல."

சந்தின் கடைசியில் பலகை வீடு. வாசல் விளக்கின் கீழே ஒருவன் குந்தி உட்கார்ந்து மோட்டார் சைக்கிளின் சங்கிலியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இடது தோள் வலதைவிடக் கொஞ்சம் இறங்கியிருந்தது. காரின் வெளிச்சம் பட்டதும் கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தான். வந்திருப்பது யாரென்று அவனுக்கு இன்னும் தெரியவில்லை.

சரளா என்ஜினை நிறுத்தினாள். கார்த்திகேசு சொன்னபடி கியரில் போட்டாள்.

பக்கத்து இருக்கையில் கைப்பேசி ஒளிர்ந்து அதிரத் தொடங்கியது. தனேஸ்வரன். வழக்கத்தைவிட முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிட்டானா? வெறும் வாசலும், நசுங்கிய எலுமிச்சம்பழமும், படியில் செய்தித்தாளின் மேல் துருப்பிடித்த கட்டையும் அவன் கண்ணில் பட்டிருக்கும்.

இருளாயி அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். பிறகு பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கதவின் பிடியைத் தொட்டாள்.

"நல்லாக் காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சு அத்தே."

"அப்ப ஹேண்ட்பிரேக்க இழுத்து வை" என்றாள். "எனக்குக் கொஞ்சம் நேரமாகும்."